‘தூக்கம் சரியில்லை’: எந்தக் கோளாறு, என்ன செய்யலாம்?

‘வயிறு சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது அஜீரணமாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், குடல்புண்ணாகவும் இருக்கலாம். ‘தூக்கம் சரியில்லை’ என்பதும் அப்படித்தான். படுத்தால் தூக்கம் பிடிக்காமல் புரள்பவர், எட்டு மணி நேரம் தூங்கியும் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல எழுபவர், விடியற்காலை மூன்று மணிக்குத்தான் கண் அசருபவர், கால் குடைச்சலில் எழுந்து கூடத்தில் நடப்பவர் என எல்லோர் வாயிலும் வருவது அதே இரண்டு வார்த்தைகள். உள்ளே இருக்கும் கோளாறுகள் வேறு வேறு.

இதைப் பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் பார்த்தால் சும்மா வீணாவதோடு போகாது, கெடுதலும் உண்டு. குறட்டையோடு மூச்சடைக்கிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் தொண்டைத் தசை இன்னும் தளர்ந்து அடைப்பு கூடும். தூக்கம் பிடிக்காதவரிடம் ‘ஒன்பது மணிக்கே போய்ப் படு’ என்று சொன்னால் அவருடைய பிரச்சினை இறுகிப்போகும். அதனால் முதலில் தூக்கம் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு கோளாறாக வருவோம்.

பசியும் கடிகாரமும்

தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. சூரிச்சில் ஆய்வு செய்த அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த இந்த விளக்கம்தான் இன்றும் தூக்க மருத்துவத்தின் அரிச்சுவடி.

ஒன்று, தூக்கப் பசி. கண் விழித்த நிமிடத்திலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரத் தொடங்குகிறது. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட அதுவும் கூடி, கண்ணைச் சொக்க வைக்கிறது. தூங்கும்போது கரைகிறது. மாலை ஐந்து மணிக்கு நாலு பஜ்ஜி சாப்பிட்டவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது இல்லையா? ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராததும் அதே கணக்குதான். காபியிலுள்ள கஃபீன் இந்தப் பசியை ஆற்றுவதில்லை, மறைக்க மட்டும் செய்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, அடினோசின் உட்கார வேண்டிய இடங்களைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் நின்றுகொண்டே வருகிறது. கஃபீன் இறங்கியதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் உட்காரும்.

மற்றது, உடல் கடிகாரம். கண் நரம்புகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னத் திரள் இருக்கிறது. அதுதான் கடிகாரம். பெரும்பாலோருக்கு அது 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் மெதுவாகவே ஓடுகிறது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது தினமும் திருத்தப்படுகிறது. இருட்டிய பிறகு இந்தக் கடிகாரத்தின் உத்தரவில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, உடம்பின் உள்சூடு மெல்ல இறங்குகிறது. இந்தக் கடிகாரம் அணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூவருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பசி நிறைந்து, கடிகாரமும் ‘ராத்திரி’ என்று காட்டும்போது தூக்கம் தானாக வரும். இரண்டில் ஒன்று ஒத்துழைக்காவிட்டால் வராது.

தூங்கிய பிறகும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், பிறகு மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் என ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. கனவுத் தூக்கத்தை மருத்துவர்கள் ‘ரெம்’ என்பார்கள். 1953இல்தான் அது அறிவியல் இதழில் பதிவானது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், விடியற்காலையில் ரெம் அதிகம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்புத் தட்டிப் புரண்டு படுப்பது இயல்பு. அதை நோயாக எண்ண வேண்டாம்.

அளவு என்றால், பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம், 65 வயதுக்கு மேல் 7 முதல் 8, பதின்ம வயதினருக்கு 8 முதல் 10. வீட்டில் தாத்தா ராத்திரி எட்டு மணிக்குப் படுத்து, ‘மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, தூக்கமே இல்லை’ என்று சொல்வார். கூட்டிப் பாருங்கள், ஏழு மணி நேரம். அவருடைய தூக்கம் முடிந்துவிட்டது, விடியத்தான் இல்லை. அவருக்குத் தேவை மாத்திரையல்ல. மாலை வெளிச்சத்தில் கொஞ்சம் நடந்து, பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்கு எழுவார்.

தூக்கமின்மை

தூங்க வாய்ப்பும் வசதியும் இருந்தும், வாரத்தில் குறைந்தது 3 இரவுகள், 3 மாதங்களுக்கு மேல் தூக்கம் பிடிக்காமலோ நடுவில் கலைந்தோ விடியுமுன் விழித்தோ அவதிப்பட்டு, அதனால் பகல் பொழுதும் கெட்டால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம். நைட் டூட்டியாலும் கைக்குழந்தையாலும் தூங்க நேரமே கிடைக்காதவர் கணக்கு வேறு. அவர் படுத்தால் உடனே தூங்கிவிடுவார்.

தூக்கமின்மை தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும்: வேலை போனது, வீட்டில் மரணம், அறுவை சிகிச்சை, கடன். அந்தக் காரணம் தீர்ந்த பிறகும் தூக்கமின்மை போகாமல் தங்கிவிடுவதுதான் வேடிக்கை. தங்க வைப்பது, அதைச் சரிசெய்ய நாம் செய்யும் காரியங்களே. தூக்கம் போதவில்லை என்று சீக்கிரம் படுக்கிறோம், காலையில் எழாமல் கிடக்கிறோம், மதியம் கண் அயர்கிறோம். மூன்றுமே தூக்கப் பசியைக் கெடுக்கின்றன. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரம் கூடுகிறது. சில வாரங்களில் மூளை ‘படுக்கை என்றால் கவலைப்படும் இடம்’ என்று பழகிவிடுகிறது. டிவி முன் நாற்காலியில் தூங்கி வழிந்தவர், எழுந்து போய்ப் படுத்ததும் கொட்டக் கொட்ட முழிப்பது இதனால்தான்.

ஆகவே சிகிச்சை தலைகீழாக இருக்கும்: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கேட்பவருக்குக் கோபம்கூட வரும். ஆனால் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையை வைக்காமல், இதை உள்ளடக்கிய சிபிடி-ஐ என்ற பழக்கமாற்றப் பயிற்சியைத்தான் 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. செய்முறை இது.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், உத்தேசமாக எப்போது தூங்கினேன், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன். ராத்திரியில் கடிகாரம் பார்க்க வேண்டாம், காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். ஒருவர் 9.30க்குப் படுத்து 6.30க்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் 9 மணி நேரம். தூக்கம் பிடிக்க ஒன்றரை மணி நேரம், நடுராத்திரியில் விழிப்பு ஒன்றரை மணி நேரம் போக, உண்மையில் தூங்குவது 6 மணி நேரம். ஆறை ஒன்பதால் வகுத்தால் 67 சதவீதம். 85க்கு மேல் இருந்தால்தான் நல்ல தூக்கம்.

இவருக்கு இனி படுக்கையில் அனுமதி 6 மணி நேரம்தான். எழும் நேரத்தை முதலில் கட்டிப்போடுங்கள், 5.30 என்று. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் படுக்கும் நேரம் 11.30. ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். முந்தைய இரவு பொட்டுத் தூக்கம் இல்லாவிட்டாலும் 5.30க்கு எழ வேண்டும், பகலில் படுக்கக் கூடாது. முதல் வாரம் சிரமம், பகலில் தலை கனக்கும். அந்தத் தூக்கப் பசிதான் நமக்கு வேண்டியது. ஒரு வாரம் கழித்து மறுபடி கணக்குப் பாருங்கள். படுத்த 6 மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரம் தூங்கினால் 92 சதவீதம். 90ஐத் தாண்டினால் 15 நிமிடம் கூட்டி 11.15க்குப் படுக்கலாம். 85க்கும் 90க்கும் நடுவே இருந்தால் அப்படியே விடுங்கள். 85க்குக் கீழே என்றால் 15 நிமிடம் குறையுங்கள். எக்காரணம் கொண்டும் 5 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. இப்படி வாரம் வாரம் கூட்டி, பகலில் தெம்பாக இருக்கும் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் பிடிக்கும்.

கூடவே இன்னொரு விதி. படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். மங்கலான விளக்கில் பழைய பத்திரிகை படிக்கலாம், துணி மடிக்கலாம். தூக்கம் கண்ணைக் கட்டும்போது மட்டும் திரும்பி வாருங்கள். வராவிட்டால் மறுபடி எழுங்கள். படுக்கையில் போன், சாப்பாடு, வீட்டுக் கணக்கு எதுவும் வேண்டாம். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் ‘வேறு இடம்’ எங்கே என்று கேட்கலாம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாலும் போதும். படுத்த நிலையில் விழித்திருக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

பலர் தோற்பது மூன்றாம் நான்காம் நாளில். ‘நேற்று தூங்கவே இல்லை, இன்று மட்டும் ஒன்பது மணிக்குப் படுக்கிறேன்’ என்று சேர்த்த பசியைக் கரைத்துவிடுவார்கள். வலிப்பு நோய், இருதுருவ மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், சிகிச்சை பெறாத மூச்சடைப்பு உள்ளவர்கள், பஸ் லாரி ஓட்டுபவர்கள், உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை செய்பவர்கள் நேரக் குறைப்பைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

குறட்டையும் மூச்சடைப்பும்

‘அவர் படுத்தா போதும், அசந்து தூங்குவார், குறட்டை தெருவுக்கே கேக்கும்’ என்று பெருமையாகச் சொல்வதுண்டு. உரத்த குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் அல்ல. மூச்சு போகும் வழி குறுகிவிட்டது என்பதற்கான சத்தம் அது.

விழித்திருக்கும்போது தொண்டைச் சுவரைத் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தூங்கும்போது அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிகிறது. வழி குறுகி, சதை அதிர்ந்தால் குறட்டை. வழி முழுவதும் மூடிக்கொண்டால் மூச்சடைப்பு. மார்பு ஏறி இறங்கும், காற்று போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை திடுக்கிட்டு அரைகுறையாக விழித்துத் தசையை இறுக்கும், ஒரு செருமலோடு மூச்சு திரும்பும். தூங்குபவருக்கு இது நினைவிலேயே இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி: சத்தமான குறட்டை, திடீரென்று நிசப்தம், மனத்துக்குள் எண்ணினால் பத்து, இருபது, சில சமயம் முப்பது விநாடி, பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு.

பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு மூச்சடைப்பு என்று கணக்கு. ஆக்சிஜன் இறங்கும் அளவுக்கு மூச்சு குறைவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் தீவிரம். மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத்தில் 210 தடவை. அந்த மனிதர் ‘எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி’ என்று சொல்வதில் வியப்பில்லை.

காரணங்களில் முதலில் வருவது உடல் எடை, அதிலும் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகிக்கலாம், தையல்காரரின் டேப் போதும். ஆனால் சின்னத் தாடை, உள்வாங்கிய முகவாய், பெரிய டான்சில் இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. பெண்கள் பெரும்பாலும் குறட்டையைச் சொல்வதில்லை. அசதி, தலைவலி, தூக்கம் கலைகிறது என்றுதான் வருவார்கள். அதனால் தவறவிடப்படுகிறார்கள்.

இன்னும் இரண்டு தடயங்கள். ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரை, புராஸ்டேட் என்றுதான் யோசிப்போம். மூச்சடைப்பின்போது இதயம் இழுபட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை விடுவதாலும் இது நடக்கும். அதே போல, மூன்று மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் அடங்காதவருக்குத் தூக்கப் பரிசோதனை செய்துபார்ப்பது நல்லது. குழந்தைகளிடம் அடையாளம் வேறு: வாயைத் திறந்து தூங்குவது, படுக்கையை நனைப்பது, பகலில் தூங்கி வழியாமல் துறுதுறுவென்று கவனம் சிதறுவது. அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும், மூக்கின் பின்பக்கம் வளரும் அடினாய்டு சதையும்தான் காரணம்.

பரிசோதனையை இப்போது வீட்டிலேயே செய்யலாம். விரலில் ஆக்சிஜன் கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை, ஓர் இரவு. இதய நோயோ நுரையீரல் நோயோ இருந்தால் மருத்துவமனையில் படுத்து முழுப் பரிசோதனை செய்வதே சரி.

நடுத்தரத்துக்கு மேல் என்றால் உறுதியான சிகிச்சை சி-பேப் கருவி. சிட்னியைச் சேர்ந்த காலின் சலிவன் 1981இல் வெளியிட்ட எளிய யோசனை இது: மூக்கு வழியே லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாது. மருந்தும் இல்லை, ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை, அறைக் காற்றுதான். பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தத்துக்குள் மருத்துவர் அமைத்துத் தருவார்.

வாங்கியவர்களில் நிறையப் பேர் இரண்டு வாரத்தில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள், காரணம் பெரும்பாலும் மாஸ்க்தான். கண்ணில் காற்று அடித்தால் மாஸ்க் பெரிது அல்லது பட்டை ஏறுக்குமாறாக இருக்கிறது. படுத்த நிலையில், காற்று ஓடும்போது பட்டையைச் சரிசெய்ய வேண்டும், உட்கார்ந்து செய்தால் படுத்ததும் நழுவும். காலையில் வாய் வறண்டால் வாய் வழியே காற்று கசிகிறது. முகவாய்ப் பட்டையோ மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கோ வேண்டும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சிவடித்த நீரை மட்டும் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். மாஸ்க்கின் சிலிக்கோன் பகுதியைத் தினமும் லேசான சோப்பில் கழுவாவிட்டால் முக எண்ணெய் படிந்து கசிவு தொடங்கும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகினால் ராத்திரியில் பதற்றம் குறையும். இரவில் 4 மணி நேரமாவது போட வேண்டும் என்பது குறைந்தபட்சம்தான். விடியற்காலை ரெம் தூக்கத்தில்தான் அடைப்பு மோசமாக இருக்கும், அதனால் முழு இரவும் போடுவதே பலன் தரும்.

லேசானவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பது, இரவில் மதுவைத் தவிர்ப்பது, பல் மருத்துவர் செய்துதரும் தாடையை முன்தள்ளும் கருவி ஆகியவை உதவும். எடையில் 10 சதவீதம் குறைந்தால் அடைப்பின் எண்ணிக்கை ஏறத்தாழ கால்வாசி குறையும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாதவர்கள் வண்டி ஓட்டுபவர்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் சுதாரிப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் சட்டம் அனுமதிக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். தூக்கத்துக்கு ஊதிப் பார்க்கும் கருவி கிடையாது.

கால் குடைச்சல்

ராத்திரி படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊருகிறது, இழுக்கிறது, குடைகிறது. ஆட்டினால், எழுந்து நடந்தால் அடங்குகிறது. படுத்தால் மறுபடி தொடங்குகிறது. பகலில் இல்லை, இரவில்தான். இந்த நான்கும் பொருந்தினால் அது அமைதியற்ற கால் நோய். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக் கல்லாகும் பிடிப்பு வேறு. அதில் தசை கட்டியாகும், வலி உயிர் போகும், நீட்டினால் விடும். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலும் வேறு, அது நடந்தால் குறையாது.

முக்கியமான காரணம் இரும்புச் சத்துக் குறைவு, குறிப்பாக மூளையில். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று பலர் விட்டுவிடுவார்கள், கேட்க வேண்டிய சோதனை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். சாதாரணமாக 30 இருந்தால் போதும் என்று லேப் ரிப்போர்ட் சொல்லலாம். இந்த நோய்க்கு 75க்கும் கீழே இருந்தாலே இரும்புச் சத்து கொடுத்துப் பார்க்கிறார்கள். மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேராது. அவற்றிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாறோடு போடலாம். நிரம்ப மூன்று மாதம் ஆகும். சோதிக்காமல் தாமாக விழுங்கக் கூடாது, இரும்பு கூடினாலும் கேடுதான்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது அடிக்கடி வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் போய்விடும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் அதிகம். சளிக்கு வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, சில மனச்சோர்வு மருந்துகள் குடைச்சலைக் கிளப்பிவிடும். தூக்கம் வரட்டும் என்று சளி மாத்திரை போட்டு, அதனாலேயே காலை ஆட்டிக்கொண்டு விடிய விடிய முழித்திருப்பவர்கள் உண்டு.

கடிகாரம் பிசகும்போது

கல்லூரி மாணவர் ராத்திரி மூன்று மணிக்குத்தான் தூங்குகிறார், எழுப்பாவிட்டால் பதினொன்று வரை தூங்குகிறார். வீட்டில் சோம்பேறிப் பட்டம். ஆனால் விடுமுறையில் அவர் போக்கில் விட்டால் எட்டு மணி நேரம் அருமையாகத் தூங்குகிறார் என்றால் தூக்கத்தில் பழுதில்லை, கடிகாரம்தான் பின்தங்கி ஓடுகிறது. பதின்ம வயதில் இது இயற்கையாகவே ஓரளவு பின்னால் நகரும். ஒரே நாளில் பத்து மணிக்குப் படுக்க வைக்க முடியாது. எழும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிடம் முன்னால் இழுத்து, எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நிற்க வைக்க வேண்டும். வீட்டுக்குள் டியூப்லைட் தருவது சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மொட்டை மாடியில் காலை வெயில் பத்தாயிரத்தைத் தாண்டும். ராத்திரி பத்துக்கு மேல் விளக்கைக் குறைக்க வேண்டும். மெலடோனின் மாத்திரை இங்கேதான் பொருந்தும், அது மயக்கிப் போடும் மருந்தல்ல, கடிகாரத்துக்கு ‘இருட்டிவிட்டது’ என்று சொல்லும் சமிக்ஞை. படுக்கும்போது போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். சில மணி நேரம் முன்பே, சிறிய அளவில், மருத்துவர் சொல்லும் நேரத்தில் போட வேண்டும்.

நைட் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு: வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குட்டித் தூக்கம், காபி ஷிப்டின் முதல் பாதியில் மட்டும், வீடு திரும்பியதும் தாமதிக்காமல் படுப்பது, ஜன்னலுக்குக் கனத்த திரை, காலிங்பெல்லை அணைப்பது. விடுமுறை நாளில் முழுதாக இரவுத் தூக்கத்துக்கு மாறினால் திங்கட்கிழமை மறுபடி புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். தூங்கும் நேரத்தில் நாலு மணி நேரமாவது எல்லா நாளும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

தூக்கத்தில் நடப்பது, அமுக்குவான், இன்னும் சில

குழந்தைகள் தூக்கத்தில் எழுந்து நடப்பதும் அலறுவதும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிப்பதால், எனவே இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில். உலுக்கி எழுப்பாமல் கையைப் பிடித்துத் திரும்பப் படுக்க வைத்தால் போதும். மாடிக் கதவைப் பூட்டி வையுங்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

மார்பில் யாரோ உட்கார்ந்து அமுக்குகிறார்கள், கண் தெரிகிறது, கத்த முடியவில்லை. ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம் தூக்கத்தில் கனவை நடித்துவிடாமல் இருக்க உடல் தசைகளை மூளை பூட்டி வைக்கிறது. பூட்டு திறக்கும் முன் விழிப்பு வந்துவிட்டால் இந்த அனுபவம். சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானே விடும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும்.

அந்தப் பூட்டு போடப்படாமலே போவதும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர் கனவில் அடிப்பது, உதைப்பது, திட்டுவது எனத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாக இது இருப்பதுண்டு. அதுவரை கட்டிலை விட்டு இறங்கித் தரையில் மெத்தை போட்டுப் படுப்பது பாதுகாப்பு.

போதுமான அளவு தூங்கியும் வகுப்பில், பேச்சு நடுவே, சாப்பிடும்போதுகூடத் தூக்கம் வந்து விழுத்துகிறது, விழுந்து விழுந்து சிரிக்கும்போது முழங்கால் மடங்கிவிடுகிறது என்றால் அது நார்கோலெப்சி. விழிப்பைத் தாங்கும் ஒரெக்சின் என்ற மூளைப் பொருள் அற்றுப்போவதால் வருவது. அரிதானது, வலிப்பு என்றோ சோம்பல் என்றோ தவறாகக் கணிக்கப்படுவது. மருந்து உண்டு.

காபி, புழுக்கம், மாத்திரை

எந்தக் கோளாறானாலும் பயன்படும் சில விஷயங்கள். உடம்பிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் காபியில் பாதி, ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் ஓடுகிறது. தூக்கம் பிடிக்காதவர்கள் மதியம் இரண்டு மணியோடு நிறுத்திப் பார்க்கலாம். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும்.

தூங்க உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும் என்றோமே, நம் ஊர் மே மாதப் புழுக்கத்தில் அதுதான் நடப்பதில்லை. விந்தையாக, படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது உதவுகிறது. தோலுக்கு இரத்தம் பாய்ந்து உள்சூடு வெளியேறுகிறது. மாடி ஓட்டுச் சூடு இறங்கும் வீட்டில் ஏசி இல்லையென்றால் பருத்தி விரிப்பு, ஃபேன், எதிரெதிர் ஜன்னல் ஆகியவற்றோடு தரையில் படுப்பது மேல். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், 20 நிமிடத்துக்குள். போனின் நீல வெளிச்சத்தைப் பற்றி ரொம்பப் பேசுகிறார்கள். வெளிச்சத்தைவிட, ‘இன்னும் ஒரே ஒரு வீடியோ’தான் அதிகத் தூக்கத்தைத் தின்கிறது. கைக்கடிகாரம் காட்டும் ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ போன்ற எண்களை நம்பிப் பதறவும் வேண்டாம், கட்டங்களைப் பிரிப்பதில் அவை துல்லியமானவை அல்ல.

தூக்க மாத்திரைகளுக்கு இடமே இல்லை என்பதில்லை. பெரும் துக்கத்திலோ அறுவை சிகிச்சைக்குப் பின்போ சில நாட்களுக்கு உதவும். அல்ப்ரசோலம், குளோனசெபம், சோல்பிடெம் போன்றவை மாதக் கணக்கில் போனால் பழகிவிடும், முதியவர்களைக் கழிவறைக்குப் போகும் வழியில் தள்ளாட வைத்து இடுப்பெலும்பை முறிக்கும். பல மாதம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் பதற்றம், கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே வழி.

விடியுமுன் விழிப்பு, எதிலும் பிடிப்பின்மை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், தூக்கத்தைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

குறட்டை, மூச்சடைப்பு என்றால் நுரையீரல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர். கால் குடைச்சல், கனவில் உதைப்பது, நார்கோலெப்சிக்கு நரம்பியல். நாள்பட்ட தூக்கமின்மைக்குச் சிபிடி-ஐ தெரிந்த மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர். போகும்போது இரண்டு வார நோட்டு, போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (சளி மாத்திரையும் சேர்த்து), குறட்டை நின்று திரும்பும் இடம் தெரியும்படி வீட்டார் போனில் எடுத்த ஐந்து நிமிட வீடியோ ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முடிந்தால் வீடியோ எடுத்தவரையும்.